மூன்றாம் பகுதியில் ஒரு வெள்ளைக் கொக்கு

ஞாயிறு, டிசம்பர் 14
சொகோரோவுக்குத் தெற்கே, நம் வீடு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய, பிள்ளையின் ஞானஸ்நானத்தால் என் கொமாத்ரே ஆன வேவாவுக்கு,

லாலா எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரன் எலோயும் இரண்டு நாய்களும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, உன் மகள் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஆசை. கடிதத்தில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்போடு என்னை மிளகாய் பறிக்க அனுப்பிவிட்டதால் அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதை நான் கற்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்கிறேன். நவம்பர் கடைசியில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அதில் உன் புதுச் சிநேகிதி மார்லிஸின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். பதினேழு. மூன்றே பக்கத்தில் பதினேழு. என் பெயர் இரண்டு முறை வருகிறது, அதில் ஒன்று உறையின் மேல். சந்தேகமாக இருந்ததால் மறுபடி எண்ணினேன். இரண்டு பேர் எண்ணி ஒத்துப்போனால்தான் எண்ணிக்கை செல்லும் என்று நீதான் சொல்வாய். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? எலோய் வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தான், அவசரமாம்.

இது சின்ன விஷயம். பெரியது அடுத்து வருகிறது. வியாழக்கிழமை காலை நீயும் அவளும் யூமாவிலிருந்து கிளம்புவதாகச் சொன்னீர்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் இதைக் கடைசி வரி வரை படித்துவிடு. நீயே படி. அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

போனில் சொல்ல முடியாதா என்று கேட்பாய். இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் அவள்தான் எடுத்தாள். உன் மகள் வீட்டுப் போன் அவள் கைக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. "அட, லாலாவா! உங்களைப் பத்தி வேவா சொல்லாத நாளே இல்ல! அந்தப் பைன் கொட்டைக் கதை இருக்கே, சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு!" என்றாள். பிறகு நான் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டாள். உனக்குச் சொல்ல வைத்திருந்ததை விட்டுவிட்டு வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

அந்தக் கதையை அவளுக்கு ஏன் சொன்னாய்? வருடாந்திரப் பறவைக் கணக்கெடுப்பில், ஒரு பக்கத்துப் பையிலிருந்து மறு பக்கத்துப் பைக்கு நூறு கொக்குக்கு ஒரு கொட்டையாக மாற்றச் சொன்னவள் நீ. விடியற்குளிரில் பசி தாங்காமல் எட்டுக் கொட்டையைத் தின்றுவிட்டவள் நான். கணக்கில் எண்ணூறு கொக்கு காணாமல் போய், கணக்கெடுப்பை நடத்தும் தோன் ஃபிலமோன் அன்றிலிருந்து என்னை "எண்ணூறு" என்றுதான் கூப்பிடுகிறார். அது நம் கதை, வேவா. நாம் தின்ற கொட்டை. மினசோட்டாக்காரிக்கு அதில் என்ன பங்கு?

சரி, சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக் கொக்கு இல்லை. நான் பார்க்கவில்லை. அந்த நோட்டில் எழுதியது பொய்.

எழுதிவிட்டேன். எழுந்து போய் அடுப்பில் கொதிக்கும் பொசோலேக் குழம்பைக் கிளறிவிட்டு வந்தேன். உன் கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான். அங்கே நீ இதைப் படிக்கும்போதும் எழுந்து போய் எதையாவது கிளறிவிட்டு வா.

நடந்தது இதுதான். மே மாதம் நீ கிளம்பும்போது என்ன சொன்னாய்? "முழங்கால் சரியாகட்டும். கணக்கெடுப்புக்கு எப்படியும் வந்துடுவேன், தவழ்ந்தாவது வருவேன்" என்றாய். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் என்ன எழுதினாய்? இந்த வருடம் அங்கேயே, அந்தக் கொலராடோ ஆற்றுச் சரணாலயத்தில் மார்லிஸுடன் எண்ணப் போகிறாயாம். அங்கேயும் அதே சனிக்கிழமைதானாம். நான் தப்பாக நினைக்க மாட்டேனாம். நான் எப்படி நினைப்பேன் என்பதை யூமாவில் உட்கார்ந்துகொண்டு நீ எப்படி முடிவு செய்தாய்?

அவளுடைய தொலைநோக்கி மூன்று கால் வைத்த பீரங்கி மாதிரி இருக்கிறது, அதில் வாத்தின் கண் இமைப்பதுகூடத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அவளுடைய சட்டையில் பதினான்கு பை. சந்தோஷம். உருளைக்கிழங்கை ஏதோ டப்பா சூப்பில் போட்டு வேகவைத்துக் கொண்டுவருகிறாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றாய். மிளகாய் போடாத ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று நீ சொல்வதைக் கேட்க வேண்டிய காலம் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். "அவ கண்ணு என் கண்ணைவிடக் கூர்மை" என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. பதினான்கு வருடம் இந்த ஊர் முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்தது என்ன? வேவா கண்ணைப் போல இந்த ஆற்றங்கரையில் கண் இல்லை என்று. இப்போது நான் பொய்க்காரி ஆகிவிட்டேன் அல்லவா? அப்படியானால் முழுதாகவே ஆகிவிடலாம் என்று தோன்றியது.

மறு வியாழக்கிழமை நம் ஊர்ச் சரணாலயத்து வரவேற்புக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கப் போனேன். பார்த்த பறவைகளை எழுதும் நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. நூலில் கட்டிய பென்சில் அதன் மேல் இருந்தது. அந்தக் கூடத்துப் பெண் ஒவ்வொரு நாளும் மாலையில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறாள். நீ யூமாவில் சாப்பிட்டு முடித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். கணக்கெடுப்பில் நமக்கு ஒதுக்கும் பகுதியையே போட்டு, "மூன்றாம் பகுதி. காலை 7.10. வெள்ளைக் கொக்கு, 1" என்று எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்ததே இல்லை.

அது எந்தப் பறவை என்று யோசித்துத்தான் எழுதினேன், அதையும் மறைக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் நிற்கிற சின்ன வெள்ளை அல்ல, ஆள் உயரம் நிற்கும் அந்த அபூர்வப் பெருங்கொக்கு. நமக்கு முதல் பிள்ளைகள் பிறந்த சமயத்தில் சாம்பல் கொக்குகளோடு ஏழெட்டு வெள்ளை வந்துகொண்டிருந்தன. பிறகு நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஒரு குளிர்காலம் அந்த ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் நம் பகுதியை முடித்துத் தெற்கு மதகருகே வண்டியை நிறுத்தியபோது நீ கண்ணைத் துடைத்தாய். தூசி என்றாய். காற்றே இல்லை அன்று. ஒவ்வொரு வருடமும் கொக்குக் கூட்டம் தண்ணீரிலிருந்து கிளம்பும்போது நீ எண்ணுவதற்கு முன் ஒரு கணம் சும்மா பார்ப்பாய். எதைத் தேடுகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் கையைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவள் நான். அவளுக்கு அது தெரியாது.

மறுநாளே போன் அடித்தது. நீதான். குரலே மாறியிருந்தது, பதினெட்டு வயதுப் பெண் மாதிரி. "லாலா! நிஜமா? காலைப் பார்த்தியா? கறுப்புக் காலா? வர்றோம்டி! நாங்க வர்றோம்!" என்றாய்.

வர்றோம். நாங்க.

மாதா சத்தியமாகச் சொல்கிறேன், நீ "வர்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே உண்மையைக் கொட்டியிருப்பேன். நாங்க என்றதும் வாய் தானாக மூடிக்கொண்டது. பின்னால் அவள் குரல் கேட்டது, சந்தோஷத்தில் ஏதோ கூவினாள். ஐந்நூறு மைலுக்கு மேல் பாலைவனத்தில் உன்னை வரவழைக்க நான் எறிந்த தூண்டிலில் மாட்டியது இரண்டு மீன்.

அதற்குப் பிறகு விஷயம் என் கையில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கரைமேல் பதினோரு வண்டி. புதன்கிழமை முப்பது. டெக்சஸிலிருந்து ஒரு தம்பதி வந்து டிரெய்லரை நம் சர்ச் வாசலிலேயே போட்டுவிட்டார்கள். சிரிக்காதே, இதைக் கேள்: பார்த்துவிட்டார்கள்! ஒரு வாரத்தில் ஏழு பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். நான் எழுதியது வெள்ளை, அவ்வளவுதான். டெக்சஸ்காரர் அதற்கு இறக்கை நுனியில் கறுப்பு வைத்தார். சாண்டா ஃபே அம்மாள் தலையில் சிவப்பு வைத்தாள். கடைசியில் ஒருவர் அதன் குரலையும் கேட்டுவிட்டு வந்து கூடத்தில் எல்லோருக்கும் கத்திக் காட்டினார். நான் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். ஒருவரிடமும் படம் இல்லை. ஒருவருக்குக் குளிரில் பேட்டரி செத்துவிட்டது, ஒருவருக்குச் சூரியன் எதிரே, ஒருவர் ஆனந்தத்தில் மூடியைக் கழற்ற மறந்துவிட்டார். என் பொய் என்னைவிடப் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறது.

எட்டாவது ஆள் எலோய். ரூபன் கடையில் பர்கர் தின்றுகொண்டே தானும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். அன்று மாலை அவனிடம் உண்மையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்ப நான் பார்த்தது என்ன?" என்றான்.

"நீ என்ன பார்த்தே?" என்றேன்.

"நான் ஒண்ணும் பாக்கல. நீ பார்த்தேன்னு சொன்னே, நானும் பார்த்தேன்னு சொன்னேன். முப்பத்தோரு வருஷமா குடும்பம் அப்படித்தானே நடக்குது?"

பிறகு ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டான். சொன்னேன். "அந்த மார்லிஸ் மேல உனக்கு இருக்கற பொறாமையில கால்வாசி, என் விஷயத்துல எவ மேலயாவது ஒரு நாள் வந்திருக்கா உனக்கு?" என்றான். "உன்னை எவ தொலைநோக்கி வெச்சுப் பாக்கப் போறா?" என்று கேட்டேன். சிரித்தான். ஆனால் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "வேவாகிட்ட சொல்லிடு லாலா. பறவை விஷயத்துல அவகிட்ட பொய் சொல்லாதே. என்கிட்ட வேணா சொல்லிக்கோ" என்றான்.

சொல்லியிருப்பேன். அதற்குள் வெள்ளிக்கிழமை தோன் ஃபிலமோன் அந்தத் தாளோடு வந்துவிட்டார். அபூர்வப் பறவைக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய இரண்டு பக்கத் தாள். அதைப் போன வருடம் வரை நீதான் எழுதுவாய், நான் கீழே கையெழுத்துப் போடுவேன். இப்போது நானே எழுத வேண்டும். கிழவர் சமையலறை வாசலிலேயே நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எண்ணூறு, இதை நல்லா எழுதித் தா. கணக்கெடுப்பை நான் எடுத்து நடத்தத் தொடங்கி முப்பது வருஷம். இந்த ஒரு வரியை மறுபடி எழுதிட்டுத்தான் போகணும்னு இருந்தேன்" என்றார். எழுபத்தெட்டு வயது. கண் ஈரமாக இருந்தது. என் நிலைமையை நினைத்துப் பார்.

சனிக்கிழமை முழுக்க மேஜைமேல் அந்தத் தாள். எவ்வளவு தூரத்தில்? வெளிச்சம் எந்தப் பக்கம்? எத்தனை நிமிடம்? எல்லாவற்றுக்கும் ஏதோ எழுதினேன். பொய் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் கை வலிக்கிறது, வேவா. அப்புறம் ஒரு கேள்வி: உடன் இருந்தவர் பெயர். பதினான்கு வருடமாக அந்த இடத்தில் ஒரே பெயர்தான். அந்தத் தாளில் உண்மையாக நான் எழுதியது அது ஒன்றுதான். யாரும் இல்லை என்று எழுதினேன்.

அதற்கடுத்த கேள்வி: இது வேறு பறவையாக இருக்க முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நாரை இல்லை, வாத்து இல்லை, காரணம் இது இது என்று நீ அழகாக எழுதுவாய். எனக்கு எது வந்ததோ அதை எழுதினேன். "வேறு பறவையாக இருந்தால் வேவா வரமாட்டாள்." எழுதிவிட்டுப் படித்தேன். பயந்துபோய் ரப்பரால் அழித்தேன். நல்ல வேளை, குளிரில் பேனா உறைந்துவிடும் என்று நாம் எப்போதும் பென்சில்தான் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் "காலின் நீளம்" என்று எழுதினேன்.

இன்று பூசை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தாளைக் கொடுக்க இல்லை, சொல்லிவிடத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் கதவைத் திறந்தார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "எண்ணூறு! நானும் பார்த்தேன்! நேத்துக் காலைல, மூடுபனில! சாம்பல் கூட்டம் பறந்துது, நடுவுல ஒண்ணு, வெள்ளையா! ஒரே ஒரு தடவை இறக்கையை அடிச்சுது, பனிக்குள்ள போயிடுச்சு!" என்றார்.

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் கையை விரித்து இறக்கை அடித்துக் காட்டினார். நான் அவர் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்தேன். என் வாக்கியத்தையும் அதோடு சேர்த்து விழுங்கினேன். தாளை எடுத்து நீட்டிவிட்டேன், வேறென்ன செய்வது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "காலின் நீளம்" வந்ததும் நிறுத்தினார். "இங்க எதையோ அழிச்சிருக்கியே?" என்று தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். பறவைக்காரன் கண் எழுபத்தெட்டிலும் கண்தான். நான் அழுத்தி எழுதுகிறவள் என்று உனக்குத் தெரியும், ஒவ்வொரு எழுத்தும் பள்ளம். மெதுவாக, உதட்டை அசைத்துப் படித்தார். மறுபடி படித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மார்லிஸையும் சொன்னேன். பதினேழையும் சொன்னேன்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. சிவப்புப் பென்சிலும் அடிக்கோலும் எடுத்து, என் தாளின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார். "நீ எழுதினது பொய். நான் பார்த்தது பொய் இல்ல" என்றார். அவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, வேவா. அவருக்குத் தெரியும் என்கிறார்.

பிறகு சொன்னதுதான் அடி. "பொய் எழுதின கையில ஒரு பகுதியைத் தனியா விட முடியாது எண்ணூறு. உன்னை எனக்குப் பிடிக்கும், ஆனா எண்ணிக்கை எண்ணிக்கைதான். வேவா வந்து உன் பக்கத்துல உட்கார்ந்தா மூணாம் பகுதி உங்களுக்கு. இல்லேன்னா அல்புகெர்க்கி ஆளுங்க கேட்டுட்டு இருக்காங்க, அவங்களுக்குக் கொடுத்துடுவேன். போய் உண்மையை அவளுக்கு நீயே எழுது. தெரிஞ்சு வரட்டும், இல்லே தெரிஞ்சு வராம இருக்கட்டும்" என்றார். வாசல் வரை வந்து, என் தோளில் தட்டி, "பதினேழு நிஜமாவே ஜாஸ்திதான்" என்றார்.

ஆகவே எழுதிவிட்டேன். இப்போது நீ யோசி.

நான் சொல்ல வேண்டியதெல்லாம் இது. சனிக்கிழமை இங்கே வெள்ளைக் கொக்கு இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சாம்பல் இருக்கும், வழக்கம் போல. வாத்துகள் இருக்கும், தண்ணீர் ஓரத்தில் பனிக்கட்டி இருக்கும். கருவேலம் புதரில் அந்தச் சின்னச் சின்னப் பழுப்புக் குருவிகள் இருக்கும், அவற்றில் எது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வண்டி ஓட்டுவேன், கோடு போடுவேன். அதைத் தவிர ஒன்றும் தெரியாது. பச்சை மிளகாய் போட்ட பர்ரிட்டோ ஆறு சுற்றி வைப்பேன். ஏழாவது வேண்டுமானால் மிளகாய் இல்லாமல் சுற்றுகிறேன். அவள் வருவதாக இருந்தால் வரட்டும். அவளுடைய பீரங்கிக்கும் இடம் செய்கிறேன். வண்டிக்குப் பின்னால் இருக்கும் திறந்த பெட்டியில் நாய்களோடு உட்கார்ந்து வரட்டும். கம்பளி கொடுக்கிறேன், நான் அவ்வளவு மோசமானவள் இல்லை. கைப்பட வரைந்த ஒரு வாத்துப் படத்தை எனக்கென்று உன் கடிதத்தோடு அனுப்பியிருந்தாள். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எலோய் ஒட்டி வைத்திருக்கிறான். படம் நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லிவிடாதே.

வர மனம் இல்லை என்றாலும் ஒரு வரி எழுது. கோபமாகவே எழுது. உன் கோபம் எனக்குப் பழக்கம். நீ எழுதாமல் இருப்பதுதான் பழக்கம் இல்லை.

மாதா உன் முழங்காலைத் தொட்டுக் குணமாக்கட்டும். உன் கண்ணை எவள் கண்ணுக்கும் கீழே வைக்காமல் காப்பாற்றட்டும். வரும் வழியெல்லாம் மழை இல்லாமல், எதிர்க்காற்று இல்லாமல், அவளை ஓட்டவிடாமல் உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உன் கொமாத்ரே,
எண்ணூறு என்கிற லாலா

திங்கள், முற்பகல்

உறையை ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

இன்று விடிவதற்கு முன் நான் மட்டும் போனேன். தோன் ஃபிலமோன் பார்த்தது இருந்துவிட்டால் உன்னைக் கூப்பிட எனக்குக் கொஞ்சம் முகம் இருக்குமே என்று ஆசை. கரைமேல் வண்டியை நிறுத்தி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கிளம்பியது. இடது பையிலிருந்து வலது பைக்கு அறுபத்து மூன்று கொட்டை, ஒன்றும் தின்னவில்லை. அத்தனையும் சாம்பல்.

பிறகு வெளிச்சம் வந்ததும் மக்காச்சோளத் தட்டைக்குள், மேய்கிற கொக்குகளுக்கு நடுவில், வெள்ளையாக ஒன்று நின்றது. உயரமாக. நிஜமாகவே நின்றது, வேவா. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கி, குனிந்து, மூச்சுவிடாமல் இருநூறு அடி நடந்தேன்.

உரச் சாக்கு. தட்டையில் மாட்டிக் காற்றில் எழுந்து நின்றது. அதை எடுத்து மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். தோன் ஃபிலமோன் பார்த்தது இதுவாக இருக்காது. அது இறக்கை அடித்தது என்றார்.

திரும்பிப் பார்த்தால் கரைமேல் வண்டி இல்லை. கைப்பிரேக்கைப் போடவில்லை போலிருக்கிறது. மூக்கு கீழாக, நீ உட்காரும் பக்கம் சாய்ந்து, வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தது. டெக்சஸ்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், இந்த முறை பேட்டரி நன்றாக வேலை செய்தது. எலோய் டிராக்டரோடு வந்து ஒரு மணி நேரத்தில் இழுத்துவிட்டான். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. சாய்ந்த பக்கத்துக் கதவிடுக்கு வழியாக உள்ளே தண்ணீர் வந்திருக்கிறது. ஓட்டுகிற பக்கம் ஒன்றும் ஆகவில்லை, நீ உட்காரும் பக்கம்தான் முழுக்க நனைந்துவிட்டது. இருக்கையைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும்.